ஹாலை அளக்காமல் வராதீர்கள்

“ஹாலை அளக்காமயே வந்து நிக்குது பாரு சனம்.”

லாரன்ஸ் இதைத் தினமும் சொல்கிறார். கடைக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை தடவை, வந்தவர் முகத்துக்கு நேரேயே சொல்வார். ‘ஹோம் தியேட்டர் வேணும்’ என்று ஒருத்தர் ஆரம்பித்தால், “ஹால் எத்தினி அடி?” என்பார். “மீடியமா இருக்கும் சார்” என்று பதில் வரும்.

“மீடியமா? நீ இன்னா பனியன் வாங்கவா வந்துகீற?”

சொல்லிவிட்டு, சுவர் ஆணியிலிருந்து தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் ஒன்றை எடுத்து நீட்டுவார். “நீளம், அகலம், ஒசரம். மூணும் எழுதினு வா. டிவிக்குப் பின்னாடி ஒயரு சொருவற ஓட்டைங்க கீதுல்ல, அத்தையும் போட்டோ புடிச்சினு வா. டேப்பத் திருப்பிக் குடுத்துடு.” வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. டேப்பும் வராது. அதனால் அவர் டேப்பை டஜன் கணக்கில் வாங்கி வைத்திருக்கிறார்.

கடை மயிலாப்பூரில், லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது. எட்டடி அகலம். வெளிநாடு போனவர்களும் வீடு மாறினவர்களும் விற்றுவிட்டுப் போன, ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கிற ரிசீவர் பெட்டிகள், ஸ்பீக்கர்கள், தரையிலிருந்து கூரை வரை. நடுவில் இரண்டு நாற்காலி. பின்சுவரில் எதிரொலி வராமலிருக்க ஒரு கோடு போட்ட பெட்ஷீட். அதைத் துவைத்து எத்தனை நாளாகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கட்டம் போட்ட சட்டை, இரண்டு காதிலும் பஞ்சு. உள்ளே போனதும் மேஜையைத் தட்டினால்தான் பஞ்சை எடுப்பார். “காதுதாம்மா எனக்கு சோறு போட்து. அத்த பஸ்ஸு ஆரனுக்குக் குடுத்துட்டு நான் இன்னா பண்றது?” சாந்தோம்காரர். வாலிபத்தில் தேர்த் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மைக் செட் கட்டியவர். எந்தக் கம்பத்தில் எந்தப் பக்கம் பார்த்து ஹாரன் ஸ்பீக்கர் கட்டினால் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கும் என்பதில்தான் அவர் படிப்பெல்லாம்.

எட்டு மாதத்துக்கு முன் கடைக்கு எதிரே மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலையைத் தோண்டி, நீலத் தகரத்தை ஆள் உயரத்துக்கு மேலே அடித்துவிட்டார்கள். போர்டு மறைந்துவிட்டது. ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற இடைவெளிதான் இப்போது வழி. காலை ஒன்பதிலிருந்து துளை போடுகிற மெஷின் ஓடும். அந்த இரைச்சலில் ஸ்பீக்கரைப் போட்டுக்காட்டி யாருக்கு என்ன புரியும்? ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை வேலையாட்கள் சாப்பிடப் போவார்கள். லாரன்ஸ் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வியாபாரம் செய்கிறார்.

ஒரு மணி நேரக் கடைக்கு எத்தனை பேர் வருவார்கள்? தி. நகரில் ஒரு பெரிய ஷோரூமிலிருந்து ராம்குமார் என்கிற மேனேஜர் தேடி வந்து வேலைக்குக் கூப்பிட்டார். ஒன்றாம் தேதி சேர வேண்டும். யூனிஃபார்ம் சட்டையைக்கூட முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆரஞ்சு நிறம், இஸ்திரி போட்டது, டேப் தொங்கும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

“முதுகுல எழுதிகீது பாரும்மா, மே ஐ ஹெல்ப் யூன்னு. முதுகால எவனாவது ஒத்தாசை கேப்பானா? மூஞ்சப் பாத்துக் கேக்கணும்.”

“போறீங்களா, இல்லையா?”

“அமலு போன்னுது.”

அமலு என்பது அவர் மனைவி அமலோற்பவம். கடற்கரையோரம் மீன் விற்கிறார். மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தால் போனஸ், யாரும் கேட்காமலே வாடகை கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. அதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் என் வீட்டுக்காரரை அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். ஆனால் ஷோரூமில் யார் வீட்டுக்கும் போய்ப் பார்க்க விடமாட்டார்கள். அட்டைப்பெட்டியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டும். லாரன்ஸுக்கு அது வராது. எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டுக்கு வந்தாரே.

நாங்கள் மந்தைவெளியில் இரண்டாவது மாடி. என் வீட்டுக்காரர் பாலகணேஷ், நந்தனத்தில் இருக்கும் ஆபீஸ் சிநேகிதர் மகேஷ் வீட்டு ஹோம் தியேட்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு. ஐந்து ஸ்பீக்கர் வேண்டும், வாஷிங் மெஷின் அளவுக்கு, கும்மென்று அடிக்கிற ஒரு வூஃபர் பெட்டி வேண்டும். என் தேவை வேறே. எங்கள் டிவியில் ஆள் பேசினால் கொசு பறக்கிற மாதிரி இருக்கும், சண்டை வந்தால் வீடு இடிகிற மாதிரி இருக்கும். பேச்சு கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டுவேன். அந்த நேரம் பார்த்து ஒருவன் காரை வெடிக்க வைப்பான். உடனே கீழ் வீட்டு அபயாம்பாள் மாமி போன் பண்ணுவார்.

“ஏண்டி, உங்காத்துல இடி விழறதா? நான் ஸ்லோகம் சொல்லிண்டிருக்கேன்.”

நாற்பதாயிரம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று இவரிடம் சொல்லிவிட்டேன். மூன்று கடை ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் இவரிடமே பேசினார்கள், எனக்கு ஒரு நாற்காலியும் கூல்டிரிங்க்கும் கொடுத்தார்கள். நாலாவதாகத்தான் லாரன்ஸ் கடை.

“ஹால் எத்தினி அடி சார்?”

“பதினெட்டுக்குப் பதினாலு.” இவர் பட்டென்று சொன்னார். பில்டர் கொடுத்த காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக வருகிறவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

லாரன்ஸ் டேப்பை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து அளந்தோம். பதின்மூன்றுக்குப் பத்து. இவர் மறுபடியும் அளந்தார். என் பெண் லாவண்யா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, டேப்பை இழுத்தா ஹால் நீளாது” என்றாள். மிச்ச அடியெல்லாம் பால்கனியிலும் சுவர்க் கனத்திலும் பில்டர் மனசிலும் இருந்திருக்கிறது. நல்ல வேளை, பதினெட்டு அடியை நம்பி அந்த வாஷிங் மெஷின் வூஃபரை வாங்கவில்லை.

எழுதின சீட்டோடு திரும்பப் போனபோதுதான் லாரன்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டார். “ரிமோட்டு யார் கையில கீதும்மா?”

“அவர் கையில.”

“அப்ப நீங்க எங்க குந்திகினு பாப்பீங்க?”

“எனக்கு ஏது உக்கார நேரம்? அடுப்புகிட்ட நின்னுகிட்டே காதால கேக்கறதுதான்.”

சீட்டில் நீளம், அகலம், உயரத்துக்குக் கீழே ‘அடுப்பு’ என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கவில்லை. காதுப் பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹால் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டடி நகர்ந்து இன்னொரு தட்டு.

“கொசுவா அங்கிள்?” என்றாள் லாவண்யா.

“சத்தம்மா. டைல்ஸு, கண்ணாடி, கிரானைட்டு. இந்த வூட்ல சத்தம் குந்தறதுக்கு எடமே இல்ல. சுவத்துல முட்டினு முட்டினு திரும்பி வருது.”

ஜன்னலுக்குக் கனமான ஸ்கிரீன் துணி, தரையில் ஒரு விரிப்பு, சோபாவைச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுக்க வேண்டும் என்றார். சோபாவுக்குப் பின்னால் யார் கூட்டுவது என்று சண்டைக்குப் போனேன்.

“சாரு கூட்டுவாரு. தியேட்டரு கேட்டது அவர்தான?”

இவர் கூரையைப் பார்த்தார். அன்றிலிருந்து சோபாவுக்குப் பின்னால் இவர்தான் கூட்டுகிறார்.

வூஃபர் பேச்சை எடுத்தபோது லாரன்ஸ் இவர் தோளில் கை வைத்தார். “பத்துக்குப் பதிமூணு ரூம்புல அத்த வெச்சா கீழ்வூட்டு மாமி மேல ஏறி வந்துடும் சார். வாணாம்.” ரிசீவர் பழசு போதும், நாலு வருஷம் ஓடினது, வீட்டை வித்துட்டுப் போனவங்களுது என்றார். இன்னொரு கடையில் ஆயிரம் வாட் பார்த்தோமே என்று இவர் இழுத்தார். “அட்டையில போட்டுகீது. அது அட்டைக்கு உண்டான வாட்டு.” பேச்சு வருவது டிவிக்குக் கீழே நடுவில் வைக்கிற ஸ்பீக்கரில்தானாம். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கை அதில் போடு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பழசு போதும் என்றார். பின்னால் வைக்கிற இரண்டு?

“ரெண்டு வருசம் கழிச்சு வாங்கிக்கோ. ரிசீவர்ல அதுக்கு ஓட்டை கீது. ஓட்டை எங்கயும் ஓடாது.”

ஆறாயிரம் மிச்சமானது. அதற்கும் ஏதாவது தலையில் கட்டுவார் என்று பார்த்தேன். பாண்டி பஜாருக்குப் போய் ஸ்கிரீன் துணி வாங்கச் சொன்னார். தன் கடைக்கு வந்த பணத்தைத் துணிக்கடைக்கு அனுப்புகிற வியாபாரியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. தகரம் அடித்ததால் மட்டும் அவருக்குக் கஷ்டம் வரவில்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்பீக்கரைச் சோதிக்க மற்றவர்கள் பாட்டுப் போடுவார்கள், சண்டைக்காட்சி போடுவார்கள். லாரன்ஸ் போனில் தன் மனைவியின் குரலைப் பிடித்து வைத்திருக்கிறார். ஏதோ ஒரு நாள் திட்டியது. “இன்னாய்யா, அரிசி வாங்கினு வான்னா ஒயரு வாங்கினு வந்துகீற? ஒயரையா வடிச்சுப் போட்றது?” இதை மயிலாப்பூரில் ஸ்பீக்கர் வாங்கின அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். “முப்பது வருசமா கேக்கற கொரலு. அது துளி மாறுனாலும் பொட்டி பொய் சொல்துன்னு அர்த்தம்.”

எங்கள் ஹாலிலும் அந்த அரிசித் திட்டுதான் முதலில் ஒலித்தது. அவர் ஹாலில் நின்று கேட்கவில்லை. நேரே என் சமையலறைக்கு வந்து, மிக்ஸியைப் போடச் சொல்லி, அடுப்பு முன்னால் நான் நிற்கிற இடத்தில் நின்றார். இடது பக்க ஸ்பீக்கர் சுவரோரம் இருப்பதால் கும்மென்று அடிக்கிறது என்று ஒரு பழைய பனியன் கேட்டார். இவருடையதைக் கொடுத்தேன். சுருட்டி, ஸ்பீக்கரின் முதுகிலிருந்த ஓட்டையில் அடைத்தார். “கும்முனு கீறதெல்லாம் இனிமே பனியன் குடிச்சிடும்.”

ஒரு வாரம் கழித்து மாமி போன் செய்தார். “உங்காத்து டிவி ரிப்பேராடி? சத்தமே காணோம்.”

“இல்ல மாமி. இப்போதான் எனக்கு அதுல பேசறது கேக்குது.”

வாங்கின டேப் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. போன மாதம் கடைசி நாள், ஒரு மணிக்குத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மறுநாள் ஒன்றாம் தேதி. கடை இருக்கிறதா, ஷோரூமுக்குப் போக மூடிவிட்டாரா என்று பார்க்கவும்தான்.

கடை இருந்தது. தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஜவஹர் என்கிற பையன், ஆன்லைனில் வாங்கின வூஃபரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். போட்டால் ரூமே அதிர்கிறதாம், பக்கத்து ரூம்காரன் கதவைத் தட்டுகிறானாம். அமலோற்பவம் சாப்பாட்டுக் கேரியரோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

“என்னாண்ட வாங்கல, வாங்கறதுக்கு முன்னாடி கேக்கல, அளக்கவும் இல்ல” என்று திட்டிக்கொண்டே லாரன்ஸ் வயரை மாட்டினார். கொஞ்சம் கேட்டார். பெட்டியைத் திருப்பி, முதுகிலிருந்த ஓட்டையில் கைவிட்டுப் பார்த்தார். “துணி எதுனா குடு.”

பையன் கைக்குட்டையை எடுத்தான். அது விரலளவுக்குத்தான் வந்தது.

“என் பொடவையக் கேக்காத” என்றார் அமலோற்பவம்.

லாரன்ஸ் கடையைச் சுற்றிப் பார்த்தார். ஆணியிலிருந்து ஆரஞ்சுச் சட்டையை எடுத்தார். இஸ்திரி மடிப்பை ஒரு தடவை தடவிவிட்டு, உருளையாகச் சுருட்டி ஓட்டையில் திணித்தார். பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கரையும் இணைத்து, போனை அழுத்தினார். “இன்னாய்யா, அரிசி வாங்கினு வான்னா” என்று கடை முழுக்க அமலோற்பவம் குரல், ஒரு எழுத்துக் கலையாமல்.

நிஜ அமலோற்பவம் எழுந்து நின்றார்.

“நாளைக்கு இன்னாத்தயா போட்டுனு போவ?”

லாரன்ஸ் மறுபடி போனை அழுத்தினார். குரல் மறுபடி அரிசி கேட்டது.

“நான் இப்டியா கத்தறேன்?”

“இப்டியேதான் கீது அமலு. அப்டியே உன் கொரலு.”

அமலோற்பவம் அந்தப் பெட்டியைப் பார்த்தார். ஓட்டையிலிருந்து சட்டைக் கை ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து, மீன் நறுக்குகிற அந்தக் கட்டைவிரலால் அதை உள்ளே தள்ளி அடைத்தார். பிறகு கேரியரைத் திறந்து, “வந்து துன்னு, ரெண்டு மணிக்கு மெசினு போட்ருவான்” என்றார்.

சட்டை இப்போது அந்த வூஃபருக்குள் தரமணியில் இருக்கிறது. லாரன்ஸ் லஸ்ஸில்தான் இருக்கிறார். நீலத் தகரம் வளைகிற இடத்தில், பூக்காரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒருக்களித்து நுழையுங்கள். ஒரு மணிக்குப் போங்கள், மேஜையைத் தட்டுங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் ஹாலை நீங்களே அளந்துகொண்டு போங்கள், பில்டர் காகிதத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.