வார்டனம்மா சொன்னாங்க, கார்டு எழுதினது நான்

வார்டனம்மா போயிட்டாங்களாம். காலையில எங்க பழைய ஹாஸ்டல் பொண்ணுங்க குரூப்ல போட்டிருக்காங்க. தொண்ணூறைத் தாண்டின வயசு... தூக்கத்துலயே உயிர் பிரிஞ்சிடுச்சாம்.

தூக்கத்துலயே! கொடுத்து வச்சவங்க.

கீழ வரிசையா கமெண்ட். "தாயைப் போல பாத்துக்கிட்டாங்க." "நடமாடும் தெய்வம்." ஏண்டி, நீங்கள்லாம் காய்ச்சல்னு கேட்டதும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கினு அப்பா கூட வீட்டுக்கு ஓடினவளுங்கதானே? அதுக்கப்புறம் உள்ள என்ன நடந்துச்சின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். நான் உள்ள இருந்தேன்.

அம்பத்தேழாம் வருஷம். ஃப்ளூ. உலகம் பூரா சுத்தி, கப்பல் ஏறி மெட்ராசுக்கு வந்து, எங்க திண்டிவனம் வரைக்கும் வந்துடுச்சி. ஹாஸ்டல் காலி. போக இடமில்லாம நின்னது ரெண்டே பேரு... ஈப்போவுல இருந்து படிக்க வந்த நானும், பினாங்குல இருந்து வந்த சரோஜாவும். மலேயா பொண்ணுங்க.

எங்க ரெண்டு பேருக்கும்னே ஒரு நோட்டீஸ் எழுதி ரூம் கதவுல ஒட்டினாங்க வார்டனம்மா. தலைப்பு "வெளிநாட்டு மாணவியருக்கு அறிவுரை".

உப்புத் தண்ணியில வாய் கொப்பளிக்கணும். தனித் தட்டு, தனி டம்ளர். கேட்டைத் தாண்டக் கூடாது, சொந்தக்காரங்க வந்து பாக்கக் கூடாது. எழுதுற லெட்டரை அவங்க படிச்சப்புறம்தான் போஸ்ட் பண்ணணும், அதுல காய்ச்சல்ங்கிற வார்த்தையே இருக்கக் கூடாது. ஹாஸ்டல் பேர் கெட்டுடுமாம்.

"உங்கள மாதிரி கப்பல்ல வந்தவங்கதான்டி இதைக் கொண்டாந்தீங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. நாங்க கப்பலை விட்டு இறங்கி ரெண்டு வருஷம் ஆச்சு வார்டனம்மா! ரெண்டு வருஷமா கிருமியை மடியில கட்டிக்கினா இருந்தோம்?

அப்புறம் சரோஜா படுத்துட்டா.

டாக்டர் வந்து பாத்துட்டு, மூச்சு வாங்குனா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு சொல்லிட்டுப் போனாரு. மூணாவது நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சி. வார்டனம்மா மிளகுக் கஷாயம் போட்டாங்க.

ஒண்ணு சொல்லிடறேன், சொல்லலன்னா என் நாக்கு அழுகிடும். ஈரத்துணி மாத்திப் போட்டது அவங்கதான். பயப்படாம பக்கத்துல உக்காந்தாங்க. அது நெஜம்.

ஆனா கேட்டைத் திறக்கல.

சரோஜாவுக்கு இங்க இருந்த ஒரே ஆளு அவ தாய்மாமா. திருவெண்ணெய்நல்லூர்ல வெள்ளாமை. கார்டு போட்டா மறுநாள் கைக்குப் போயிடும், விழுப்புரம் வந்து பஸ் மாறினா சாயந்திரம் இங்க நிப்பாரு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடியிருப்பாரு.

"மாமாவை வரச் சொல்லுடி... என்னால பேனா புடிக்க முடியல, நீ எழுது"ன்னா. எழுதினேன். உடம்பு சரியில்ல, ஜல்தியா வாங்கன்னு எழுதினேன்.

வார்டனம்மா என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுப் படிச்சாங்க. நாலாக் கிழிச்சாங்க. வேற கார்டு கையில கொடுத்து, என் தலைக்கு மேலயே நின்னுக்கினு சொல்லச் சொல்ல எழுத வச்சாங்க.

"மாமாவுக்கு சரோஜா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். ஊரில் பேசுகிற புரளியை நம்பி வரவேண்டாம்."

எழுதினேன். பதினஞ்சு வயசு, வார்டன்னா அப்படி ஒரு பயம். ரூமுக்குத் திரும்பி வந்தப்ப சரோஜா கட்டில்ல இருந்து என்னையே பாத்துக்கினு இருந்தா. "எழுதிட்டியாடி?"ன்னா. "எழுதிட்டேன்"ன்னேன்.

அதுக்கப்புறம் நாலு நாள் இருந்தா. பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் மாமாவான்னு கேப்பா.

தந்தி போன அன்னிக்கே அவரு வந்துட்டாரு. கால்ல சேறு கூட காயல. இப்ப மட்டும் கேட்டு நல்லா அகலமா திறந்து இருந்துச்சி.

"கார்டு வந்துதேம்மா... எனக்குப் படிக்கத் தெரியாது, வாத்தியாரைப் படிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டேன். சுகமா இருக்கேன், வராதீங்கன்னு இருந்துச்சி. அதான் நான் பாட்டுக்கு நடவைப் பாத்துக்கினு இருந்துட்டேன். அதுக்குள்ள என்னம்மா ஆச்சு எம்புள்ளைக்கு?"

என்னைப் பாத்துத்தான் கேட்டாரு.

"திடீர்னு ஆயிடுச்சிங்க"ன்னு வார்டனம்மா பதில் சொன்னாங்க.

பல வருஷம் கழிச்சி விழுப்புரத்துல ஒரு கல்யாணத்துல அவங்களைப் பாத்தேன். பக்கத்து எலையில உக்காந்து பாயசம் நல்லா இருக்குன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. நான் சரோஜா பேரைச் சொன்னேன்.

"எந்த சரோஜா?"ன்னாங்க.

சத்தியமா நடிக்கல. மறந்தே போயிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல எலையை மூடிட்டு எழுந்து வந்துட்டேன்.

நீங்க தெய்வம்னு போடுங்கம்மா, உங்க இஷ்டம். என் கை வரல.

சரோஜா மாமாவும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. அவர்கிட்ட சொல்லிடணும்னு ரெண்டு தடவை பஸ் ஏறினேன், ரெண்டு தடவையும் விழுப்புரத்துலயே இறங்கித் திரும்பிட்டேன். அந்தக் கார்டு என் கையெழுத்துன்னு தெரியாமலே போயிட்டாரு.

தெரிஞ்ச இன்னொரு ஆளு நீங்கதான் வார்டனம்மா. இப்ப நான் மட்டும்தான்.

போங்க.