தாகேதாவில் 1918

சாயிமா தாகேதாவில், வீட்டு முன்னறையில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். எல்லோரும் அவளைக் கூப்பிடுவது 'சயாமா' என்று, பர்மிய மொழியில் டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டபின் அதுதான் பிழைப்பு. மாணவிகள் இருவர், வெளிநாட்டுப் பரீட்சை எழுதப்போகிறவர்கள். அன்றைய பாடம் அயர்லாந்து, 1918.

ஜன்னலைச் சாத்திவிட்டு ஆரம்பித்தாள். அயர்லாந்துப் பையன்களையும் பிடித்துப் போருக்கு அனுப்பலாம் என்று லண்டனில் சட்டம் போட்டார்கள். ஜனங்கள் தேவாலய வாசலில் கூடி, விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஒருநாள் ரயில் ஓடவில்லை, கடை திறக்கவில்லை.

பின்னறையில் மகன் ஆமிர் இருமலை அடக்கினான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் அவன் பேர் விழுந்திருந்தது. கியாக்தானில் மாமா வீட்டில் இருக்கிறான் என்று சாயிமா சொல்லிவைத்திருந்தாள்.

தட்டாமலே கதவைத் திறந்தார் சுப்பையா. அந்தத் தெருவில் பத்து வீடுகளுக்குப் பொறுப்பாளர். எந்த வீட்டில் யார் தங்குகிறார் என்று வார்டு ஆபீசுக்குச் சொல்பவர்.

"என்ன சயாமா, ஜன்னலைச் சாத்திப் புள்ளைங்களை வேகவைக்கிறீங்களா?"

"தூசிண்ணே."

"என்ன பாடம்?"

"பட்டாளத்துக்குப் போகமாட்டோம்னு சொன்னாங்கள்ல, அது," என்றாள் மாணவி ருமானா.

 சுப்பையா உட்கார்ந்தேவிட்டார்.

"அப்புறம்? போனாங்களா?"

"போனாங்க," என்றாள் சாயிமா.

"இல்ல சயாமா, அந்தச் சட்டத்துல ஒருத்தரைக்கூடப் பிடிக்கலன்னு புத்தகத்துல..." என்று இழுத்தாள் ருமானா.

"நீ சும்மா இரு."

சுப்பையா சிரித்தார். புறப்பட்டவர் படியில் நின்று குனிந்தார். பெண்பிள்ளைகளின் செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி ஆண் செருப்பு. ஒளிந்திருப்பவனும் வாசலில்தான் செருப்பைக் கழற்றியிருந்தான். வீட்டுக்குள் கொண்டுவர அவனுக்குத் தோன்றவில்லை. எடுத்து மறைக்க அவளுக்கும் தோன்றவில்லை.

சுப்பையா அந்த ஜோடியை இரண்டு விரலால் தூக்கிக் கதவுக்கு உட்புறம் வைத்தார்.

"நாளைக்கு வார்டு ஆபீஸ்காரங்க வீடு வீடாப் பாக்க வர்றாங்க. நானும் கூட வரணும்."

நன்றி சொன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். "சரிண்ணே," என்றாள். அவர் மகன் உதயசூரியனுக்கும் ஆமிரின் வயதுதான். ஆமிர் கிடைக்காவிட்டால் அவனுக்குப் பதிலாக எடுக்கும் அடுத்த பேர் யாருடையது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லாமல் போனார்.

"அப்போ பரீட்சையில என்ன எழுதறது, சயாமா?" என்றாள் ருமானா.

"போகலன்னு எழுது. இன்னைக்குப் போதும், வீட்டுக்குப் போங்க."

பின்னறைக்குள் நுழைந்தாள். ஆமிர் எழுந்து நின்றிருந்தான்.

"இப்பவே கிளம்பு."

"எங்க உம்மா? வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்திப் பாக்குறாங்க."

 அவன் சட்டைகளை மடிக்காமல் பையில் திணிக்கத் தொடங்கினாள்.