பிங்கிக்கு இன்னொரு கையெழுத்து

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு மூத்த மகள்தான் எழுத வேண்டும் என்றார் சித்தப்பா. நல்லதை மட்டும் எழுது என்றும் சொன்னார். எழுதியதை அவரிடம் காட்டாமல் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா மடுகரையில் பிறந்தார். தாத்தா பாம்பு கடித்து இறந்தபோது அப்பாவுக்குப் பதின்மூன்று வயது. அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. பாகூர்ப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து, நெல்லும் கரும்பும் போட்டு, சொந்தமாக நான்கு காணி சேர்த்தார். சாராயம் தொட்டதில்லை. தங்கைகள் மூவரையும் கரையேற்றிய பிறகே தாம் திருமணம் செய்துகொண்டார். என்னைப் பிரான்சில் கட்டிக் கொடுத்தார்.

அங்கே போன புதிதில் ஒரே வீட்டில் பதினொரு பேர் இருந்தோம். நம் ஊரைப் போலவே அங்கும் ஊராட்சிக்குக் கொம்யூன் என்றுதான் பெயர். அந்த ஊர்க் கொம்யூன் அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார் என்றால் பாதிப் பேர் பூங்காவுக்குப் போய்விடுவோம். ஒருநாள் அகப்பட்டுக்கொண்டோம். விரட்டப் போகிறார்கள் என்று நடுங்கினேன். வந்த பெண்மணி எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு போய், என்னை மொழி வகுப்பில் சேர்த்தார். மகனுக்குத் தடுப்பூசி போடச் செய்தார். தனி வீட்டுக்கும் வழி செய்தார். இதை அப்பாவிடம் நான் சொன்னதே இல்லை. பூங்காவுக்கு ஓடிய கதையை மட்டும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா கிணற்றோரம் ஆறு தகரக் கொட்டகைகள் போட்டு, செங்கல் சூளையில் வேலை செய்த ஒடிசாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். அனுமதி வாங்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் நாறும். நம் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வரும். மினதியும் அவள் கணவனும் நான்கு வயது மகள் பிங்கியும் கடைசிக் கொட்டகையில் இருந்தார்கள்.

ஒருநாள் அப்பா போன் செய்தார்.

"நாளைக்கு கொம்யூன்லேர்ந்து வராங்களாம்மா. வெளியூர் ஆளுங்க எத்தினி பேருன்னு லிஸ்ட் எடுக்கறாங்களாம். கொட்டாய இடிச்சிடுவாங்களோ? இன்னா பண்றது?"

"ஆளுங்கள மத்தியானம் வரைக்கும் கரும்புக்குள்ள அனுப்பிடுங்கப்பா. யாரும் இல்லன்னு சொல்லிடுங்க."

அப்பா சொன்னதோடு நிற்கவில்லை; இங்கே யாரும் குடியில்லை என்று எழுதியே கொடுத்தார். வந்தவர்களோ கிணற்றைச் சோதிக்கவும், குழாய் போடவும், பிள்ளைகளை அங்கன்வாடியில் சேர்க்கவும் வந்திருந்தார்கள். கூடவே ஒடியா பேசத் தெரிந்த ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தார்கள். தாளை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். கரும்புக்குள் பிங்கி அழாமல் இருக்க அப்பா பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாராம். தங்கமான மனசு என்று அத்தை இன்றும் சொல்கிறார்.

பத்தே நாளில் வாந்தி பேதியில் பிங்கி இறந்தாள். ஊர்ச் சுடுகாட்டில் விடவில்லை. ஓடைக்கரையில் புதைத்தார்கள். மறுவாரமே அந்தக் கொட்டகைக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது.

மினதி தன் ஊருக்குத் திரும்பினாள். இறந்ததற்குச் சான்று இல்லாததால், பிள்ளையை யாரிடம் விற்றாய் என்று அங்கே கேட்கிறார்கள். இறப்புச் சான்றிதழுக்காக அவள் கணவன் கொம்யூன் அலுவலகம் போனபோது, அப்பா எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அவன் வந்து அப்பாவின் காலில் விழுந்தான். அப்பா மறுபடியும் என்னைக் கேட்டார். "இப்ப மாத்தி எழுதினா நம்மள புடிச்சிப்பாங்க, வுட்டுடுங்கப்பா" என்றது நான்தான்.

பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. எட்டு மாதம் படுக்கை, பேச்சும் போய்விட்டது. பார்க்க வந்தவர்களெல்லாம் புண்ணியவான் என்றார்கள். அப்பா கேட்டுக்கொண்டே கிடந்து, ஒரு விடியற்காலையில் கண் மூடினார்.

அப்பாவைத் தூக்கிச் சென்ற பங்காளிகளுக்கு நன்றி. அப்பாவின் இறப்புச் சான்றிதழை அலைய விடாமல் தந்த கொம்யூன் எழுத்தர் அம்மாவுக்கு நன்றி. பிங்கியின் இறப்பைப் பதிய என்ன வழி என்று, நினைவு நாளுக்காக ஊர் வந்த நான் சென்ற வாரம் அவரைக் கேட்டேன். ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

"கொட்டாய வாடகைக்கு வுட்ட வூட்டுக்காரங்க ஒருத்தரு, அந்தப் புள்ளய நேர்ல பாத்த உள்ளூர்க்காரங்க ஒருத்தரு கையெழுத்து போடணும். போட்டா விசாரிச்சி பதியலாம்மா."

முதல் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு ஏழு வீடு ஏறி இறங்கினேன். தம்பி கல்யாணத்தில் பிங்கி பந்திக்கு நடுவே ஓடியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். வீடியோவில் விழாமல் அவளை அப்புறப்படுத்தச் சொன்ன சித்தப்பாவே, "யாரும்மா அது, நான் பாக்கலியே" என்றார்.

படிவத்தை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. நினைவு நாளில் பூப்போட வருகிறவர்கள் கண்ணில் படாமல் போகாது. கையெழுத்துப் போடாதவர்களுக்கும் சாப்பாடு உண்டு.