ஊசியைப் பிடித்தால் நடுங்கும் நர்ஸம்மா

நர்ஸ் வேலைக்கு வருகிறவர்களில் ரத்தத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஒரு ரகம், இங்கிலீஷைக் கண்டு பயப்படுகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டிலும் சேர்த்தி.

எங்களுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை, அப்பாவுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில். காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தால் பாதித் தெரு காலியாகிவிடும். "என்ன படிச்சாலும் சரி, அந்த வேன்ல மட்டும் நீ ஏறக் கூடாது" என்பதுதான் அம்மா எனக்குப் போட்டிருந்த ஒரே கட்டளை. பிளஸ் டூ முடித்ததும், 2003-ல், விருதுநகரில் ஒரு நர்ஸிங் ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். மூன்றரை வருடப் படிப்பு. அதற்குப் பிறகு சிவகாசியில் வேலை. இந்தத் தொழிலில் சிக்கி என்னைப் போலவே முழித்த நர்ஸ் சொந்தங்களுக்காகச் சிலதை எழுதுகிறேன். உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

எலும்புப் பாடம்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவளுக்கு முதல் நாளே ஒரு தலையணை கனத்துக்கு இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? முதல் மாதம் நானும் என் அறைத்தோழி பேச்சியும் மாறி மாறி அழுதோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதால் யார் தேற்றுவது என்பதால் முறை வைத்துக்கொண்டோம். இரண்டாம் மாதம் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒவ்வொரு எலும்பின் பெயருக்கு மேலேயும் பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வது. அதை அப்படியே பாட்டு மாதிரி மனப்பாடம் செய்வது. ஃபீமர், டிபியா, ஃபிபுலா, பட்டெல்லா. அறையில் மற்ற பிள்ளைகள் தூங்குவார்கள் என்று விடியற்காலையில் நான் ஹாஸ்டல் சமையல்கட்டுக்குப் பின்னால் போய் நின்று சத்தமாகச் சொல்லுவேன். வராத பெயரைத் திரும்பத் திரும்ப, கோபமாகக் காலைத் தரையில் உதைத்துச் சொல்லுவேன்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்த சமையல்கார அக்கா ஐந்தாம் நாள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். முந்தின வாரம் சாப்பாட்டைப் பற்றி நாங்கள் வார்டனிடம் புகார் சொல்லியிருந்தோம். அதை மனதில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது: "சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னா தமிழ்லயே சொல்லு தாயீ. காலங்காத்தால இப்படிச் சமையக்கட்டைப் பாத்து இங்கிலீசுல வையாத."

ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுதல்

நர்ஸிங் ஸ்கூலில் ஒரு பொம்மை உண்டு. முழு ஆள் உயரம். அதைக் குளிப்பாட்டுவோம், அதற்குத் தலை வாருவோம், கட்டுப் போடுவோம். புரட்டினால் புரளும், எதிர்த்துப் பேசாது. அப்படிப்பட்ட ஒரு நோயாளியை என் வாழ்நாளில் நான் அதற்குப் பிறகு சந்தித்ததே இல்லை.

அந்தப் பொம்மையை வைத்துத்தான், எழுந்திருக்க முடியாத நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது எப்படி என்று பழகினோம். முதல் முறை வார்டுக்குப் போனபோது எனக்கும் பேச்சிக்கும் கிடைத்தவர் சூலக்கரைப் பக்கத்து விவசாயி. ஐம்பது வயது, நல்ல ஆகிருதி. நாங்கள் வணக்கம் சொல்லி, செய்யப்போவதை விளக்கி, அவரை ஒருபக்கமாகச் சாய்த்தோம். பேச்சி முதுகைத் தாங்கிப் பிடிக்க, நான் பழைய விரிப்பைச் சுருட்டி, புதியதை விரித்து, அவரை அந்தப் பக்கம் உருட்டி, நான் தாங்கிப் பிடிக்க, பேச்சி இழுத்து, மூலை மடித்து... முக்கால் மணி நேரம். வேர்த்துக் கொட்டியது. மூலைகள் மட்டும் கத்தி மாதிரி இருந்தன. பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். காலைத் தொங்கப் போட்டுச் செருப்பை மாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டீ குடிக்க வாசலைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்: "எந்திரிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பேன்லத்தா. ரெண்டு பிள்ளைகளும் இம்புட்டுச் சிரமப்பட்டுட்டீகளே."

முதல் ஊசி

ஊசி போடச் சாத்துக்குடியில்தான் பழகினோம். சாத்துக்குடிக்கு முகம் கிடையாது, அதனால் என் கை நடுங்கவில்லை. முதல் நிஜ ஊசி மாரியம்மாள் அக்காவுக்கு. காலில் ஆணி ஏறி வந்திருந்தார். புஜத்தில் போட வேண்டிய சாதாரணத் தடுப்பூசிதான். என் பின்னால் ட்யூட்டர் மேடம் நின்றுகொண்டிருந்தார். நான் பஞ்சால் துடைத்தேன். இன்னொரு தடவை துடைத்தேன். மூன்றாவது தடவை துடைக்கும்போது ட்யூட்டர் மேடம் இருமினார். ஊசி முனை தந்தியடிக்கிற மாதிரி ஆடியது.

அக்கா திரும்பி என் கையைப் பார்த்தார். "புதுசா?" என்றார். தலையாட்டினேன். "நான் பட்டாசுக்கு மருந்து அடைக்கிறவ. மொத நாள் எனக்கும் இப்படித்தான் ஆடுச்சு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னா கை ஆடத்தான் செய்யும். மூச்சை விட்டுட்டுக் குத்து" என்று சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த பல்லியைப் பார்க்க ஆரம்பித்தார். மூச்சை விட்டேன். குத்தினேன். மருந்து இறங்கியது, ஊசி வெளியே வந்தது, இரண்டு பேரும் உயிரோடு இருந்தோம். "வலிச்சுச்சாக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல. உனக்குத்தான் மூஞ்சியெல்லாம் வேர்த்துருக்கு, இந்தா, முந்தியில தொடச்சுக்க."

நூற்றிருபதுக்கு எண்பது

இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் 'டப் டப்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும் அல்லவா? முதல் இரண்டு வாரம் எனக்கு அது கேட்கவே இல்லை. ஃபேன் சத்தம் கேட்டது, வெளியே முறுக்கு விற்கிறவர் சத்தம் கேட்டது. நோயாளியின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. மேடத்திடம் சொல்லப் பயம். புத்தகத்தில் சரியான அளவு 120/80 என்று போட்டிருந்தது. அதையே எல்லோருக்கும் எழுதினேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒருநாள் வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு சார்ட்டை நீட்டினார். "பதினோராம் கட்டில்காரர் காலையிலேயே வீட்டுக்குப் போயிட்டாரு. பத்து மணிக்கு அந்தக் கட்டிலுக்கு 120/80 போட்டிருக்க. கட்டில் நல்லா இருக்கு, சந்தோஷம்" என்றார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் அசடு வழியச் சிரித்தேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. ஆறாம் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலைவலி என்று படுத்திருந்த ஒரு அம்மா. சிஸ்டரே ரத்த அழுத்தம் பார்த்து என்னிடம் காட்டினார். 190/110. நான் எழுதியிருந்தது 120/80.

டாக்டர் வந்து மருந்து கொடுத்து, சாயங்காலத்துக்குள் அந்த அம்மாவுக்கு அழுத்தம் இறங்கிவிட்டது. அதுவரை நான் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. சிஸ்டர் ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் சரியான பக்கம் திருப்பி மாட்டி (இரண்டு வாரமாகத் தலைகீழாக மாட்டியிருந்தேன்), ஆறு பேருக்கு என்னையே பார்க்க வைத்தார். கேட்டது. அன்றைக்கு அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கேக்கலைன்னா கேக்கலைன்னு எழுது. நீ எழுதுனதை நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதுறாரு."

வெள்ளி விரல்

படிப்பு முடிந்து சிவகாசியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதல் வாரம். சளி, இருமல் என்று ஒரு அண்ணாச்சி வந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கிளிப் ஒன்று அப்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வாங்கியிருந்தார்கள். அதை விரலில் மாட்டினேன். எழுபத்திரண்டு காட்டியது. புத்தகப்படி அந்த ஆள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க வேண்டும். அவரோ காரச்சேவு தின்றுகொண்டிருந்தார். நான் யோசிக்கவில்லை. "டாக்டர்!" என்று கத்திக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

டாக்டர் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார். அண்ணாச்சியின் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் பளபளவென்று வெள்ளி. பட்டாசுக்குச் சேர்க்கிற அலுமினியப் பொடி நகக்கண் வரை ஏறியிருந்தது; கிளிப்பின் வெளிச்சம் அதைத் தாண்டி உள்ளே போகவில்லை. டாக்டர் திரும்பிச் சாப்பிடப் போய்விட்டார். அண்ணாச்சிதான் சமாதானம் சொன்னார்: "போன மாசம் வேற ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டரும் இப்படித்தான் ஓடுனாக. பெறவு கால் வெரல்ல மாட்டுனாக, சரியாப் போச்சு. சொல்லலாம்னு வாயில கெடந்ததை முழுங்குறதுக்குள்ள நீங்க மாடி ஏறிட்டீக."

செல்வி

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த நாலாம் மாதம், பட்டாசு சீசன் நேரம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு வேன் நேராக வாசலுக்கே வந்து நின்றது. பட்டாசுக் கம்பெனி ஒன்றில் விபத்து. மூன்று பெண்கள். நான் நர்ஸாக ஓடவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மகளாகத்தான் ஓடினேன். முதலில் மூன்று முகத்தையும் பார்த்தேன். அம்மா இல்லை. அந்த நிம்மதிக்கு நானே வெட்கப்பட்டேன். பிறகு வளையலை வெட்டி எடுத்தேன், தண்ணீரை ஊற்றினேன், நரம்பு தேடி சலைன் ஏற்றினேன். அன்றைக்குக் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. எல்லாம் முடிந்து, அம்மாவின் கம்பெனிக்கு போன் போட்டு, அவள் குரலைக் கேட்ட பிறகுதான் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு பேரை மதுரைக்கு அனுப்பினார்கள். சில மாதத்தில் இருவரும் தேறி ஊருக்கு வந்துவிட்டார்கள். செல்வி மட்டும் எங்களிடம் இருந்தாள். என் வயதுதான். வலது கையிலும் கழுத்திலும் தீக்காயம். தினமும் காலையில் கட்டுப் பிரிப்பது என் வேலை. நான் தட்டோடு உள்ளே வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "வந்துட்டியா எமன் கணக்கா" என்பாள். அலறுவாள். நான் காயத்தைப் பார்த்துக்கொண்டே ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன்: டிவி நாடகம், அவள் தங்கச்சி கல்யாணம், யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை. இரண்டாம் வாரம் நான் வேலையை விட்டுவிடுவதாக முடிவே செய்துவிட்டேன். ஒரு மனுஷிக்கு தினமும் வலி கொடுப்பதற்கா மூன்றரை வருடம் படித்தோம் என்று. கடிதம்கூட எழுதினேன். மறுநாள் கொடுக்கலாம் என்று போனால், "நேத்து அந்த நாடகத்துல என்ன ஆச்சு? கரண்டு போயிருச்சு" என்று அவளாகவே கேட்டாள். கதையைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டு மாற்றி முடிந்திருந்தது. கடிதம் பையிலேயே கிடந்து கசங்கிப் போனது.

ஏழு வாரம். வீட்டுக்குப் போகிற அன்று அந்த வலது கையாலேயே டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்துக் காட்டினாள். விரல் முழுசாக மடங்கவில்லை, ஆனால் டம்ளர் விழவில்லை. வாசல் வரை போனவள் திரும்பி வந்து சொன்னாள்: "உங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்குக் கை எரியுது சிஸ்டர். ஆனா நாளைக்குக் காலைல உங்களக் காணலைன்னா எப்படியோ இருக்கும்."

தீபாவளிக் காயம்

கடைசியாக ஒன்று. தீபாவளி அன்று டூட்டி. நாடெல்லாம் எங்கள் ஊர்ப் பட்டாசு வெடிக்கும்போது எங்கள் ஊரில் ஓய்வு. அப்படியும் ஒருவர் ஈரத்துணியைச் சுற்றிய கையோடு, தலையைக் குனிந்து, பக்கவாட்டு வாசல் வழியாக நைசாக உள்ளே வந்தார். ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இருபது வருட சர்வீஸ். பட்டாசு மருந்தால் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை என்று ஊரே சொல்லும். அன்றைக்குப் பேத்திக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்திக் கொடுத்துவிட்டு, எரிந்து முடிந்த கம்பியை மறதியாகக் கையில் எடுத்துவிட்டார். இரண்டு விரலில் கொப்புளம்.

மருந்து போட்டுவிட்டு, எப்படி ஆனது என்று சீட்டில் எழுத பேனாவை எடுத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அடுப்புச் சூடுன்னு போட்டுருங்க தாயீ. நம்ம ஆளுகளுக்குத் தெரிஞ்சா பொங்கல் வரைக்கும் சிரிப்பானுக" என்றார். நடக்காததை எழுத மாட்டேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். அவர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"அப்பச் சின்ன எழுத்துலயாவது எழுதுங்க."

இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: எப்பேர்ப்பட்ட நோயாளியையும் ஒருநாள் டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், நர்ஸைத்தான் யாரும் டிஸ்சார்ஜ் செய்வதாகக் காணோம்.