காளையின்ர முதுகில உறைஞ்ச தேங்காய் எண்ணெய்

மாட்டுக்கு ஸ்கான் எடுக்கிற வேலை எண்டால் எங்கட சனம் இப்பவும் சிரிக்கும். சிரிக்கட்டும். தொண்ணூறுகளில எனக்குச் சோறு போட்டது அந்த வேலைதான்.

உயிரோட நிக்கிற மாட்டின்ர கடைசி விலா எலும்புகளுக்கு நடுவில மயிரைக் கத்தரிச்சு, எண்ணெய் பூசி, ஸ்கான் மிசினின்ர கைப்பிடி, அந்தப் புரோப்பை வைச்சால் உள்ளுக்கு இருக்கிற முதுகுத் தசை திரையில தெரியும். அதை ரிப் ஐ எண்டுவம். அதின்ர அளவையும் மேல இருக்கிற கொழுப்பின்ர தடிப்பையும் அளந்து பண்ணைக்காரருக்குக் குடுப்பம். தசை பெரிசெண்டால் அதுக்குப் பிறக்கிற கண்டுகளிலயும் இறைச்சி கூட. எண்ணெய் இல்லாமல் நடுவில காத்து நிண்டால் படம் விழாது.

ஒரு மாசிக் குளிரில நகரத்துக்கு வெளியால, ஸ்ரௌவ்வில் எண்ட ஊருக்கு அங்கால ஒரு பண்ணைக்குப் போனம். என்னோட வந்தது குகன் அண்ணை. நகரத்துக்குள்ள பார்க்டேலில நான் இருந்த அதே பில்டிங்தான். மாட்டைக் கூண்டில பிடிக்கிறதும் எண்ணெய் பூசுறதும் அவர்தான். நல்ல மனுசன், வாய்தான் ஓயாது.

பண்ணைக்காரி மார்கிரெட்டுக்கு ஒரு காளையில உயிர். தாய் செத்தாப் பிறகு போத்தில்ல பால் குடுத்து வளர்த்தவ. ரிப் ஐ பெரிசெண்டால் கண்டு போடப் பசுக்களோட விட வைச்சிருப்பன், இல்லாட்டி நாளைக்கு இறைச்சிக்கு லொறியில ஏத்துவன் எண்டு சொல்லிப்போட்டா. தீனிச் செலவு அவவை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தது.

அண்டைக்கெண்டு கொம்பனி தந்த எண்ணெய் நாங்கள் வந்த வானுக்குள்ள கவிண்டு போச்சு. குகன் அண்ணை யோசிக்கவே இல்லை. அவர் தன்ர தலைக்கு வைக்க வாங்கின தேங்காய் எண்ணெய் ஹீட்டருக்குப் பக்கத்தில உருகிக் கிடந்தது. அதை எடுத்து ஊத்தினார். யாழ்ப்பாணத்தில எண்டால் ஒரு பிழையும் வந்திராது. இங்க குளிர் காத்துப் பட்டதும் காளையின்ர முதுகில மெழுகு மாதிரி வெள்ளையா உறைஞ்சு போச்சு.

திரையில பாதி இருட்டு. தெரிஞ்ச அளவுக்குத் தசை சின்னன். மார்கிரெட்டின்ர முகம் செத்துப்போச்சு. எனக்குப் பொறுக்கேல்லை. இந்தப் படத்தை நம்பேலாது, சமையல் எண்ணெய் இருந்தால் சூடாக்கித் தாங்கோ எண்டு கேட்டன். அவ வீட்டுக்குள்ள ஓடினா. அவ திரும்பி வரேக்க குகன் அண்ணை சும்மா இருந்திருக்கலாம்.

"கவலைப்படாதேங்கோ, இந்த முறை பெரிசாத்தான் வரும்" எண்டு அவவுக்குச் சொன்னார்.

சுடுதண்ணியால கழுவித் துடைச்சு, சூட்டெண்ணெய் ஊத்தி, புரோப்பை வைச்சன். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. தசையின்ர கரை முழுக்கத் தெரிஞ்சுது. அளந்தன். முதல் வந்ததை விடப் பெரிசு, ஆனால் காளையை வைச்சிருக்கிறதுக்கு அது காணாது. இன்னொருக்கால் அளந்தன். அதேதான்.

திரையை அவவுக்குக் காட்டினன். கன நேரம் காளையின்ர கழுத்தில கை வைச்சுக்கொண்டு நிண்டா.

"முதல் படத்தோட அனுப்பியிருந்தால் சாகும் வரைக்கும் யோசிச்சுக்கொண்டிருந்திருப்பன். இப்ப தெரியும்" எண்டா. பிறகு குகன் அண்ணையைப் பாத்தா. "ஆனால் நீங்கள் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

வானில ஏற முதல் குகன் அண்ணை மிச்சத் தேங்காய் எண்ணெயைப் பனியில ஊத்தினார். எனக்கு அழுகை வந்தது.

இந்த வேலைக்கு வாற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது இவ்வளவுதான். படம் பிழையெண்டால் வெக்கப்படாமல் திரும்ப எடுங்கோ. திரும்ப எடுக்கப்போறம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதுக்கு மேல ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ. கேட்டுக்கொண்டு நிக்கிற ஆள்தான் அடுத்த நாள் லொறிக் கதவைச் சாத்த வேணும்.