ஜொலிக்காத குழாய்

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது என் வேலை. அங்கே ஆராய்ச்சி செய்த மேடம் மூக்குக்கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றி வைத்திருப்பார். சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த சாற்றைத் தினமும் நீல விளக்கில் பிடித்துப் பார்த்த பிறகுதான் டீ குடிப்பார்.

ஒருநாள் சாறு குறைந்திருந்தது. வற்றிவிட்டது என்று நினைத்து நல்ல தண்ணீரை ஊற்றி வைத்தேன். மறுநாள் விளக்கில் அது ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. மேடத்தின் முகம் வாடிவிட்டது. ஒரு மாத உழைப்பு அது.

“அண்ணா, இதுல இருக்கற புரோட்டீனெல்லாம் ஒட்டி நின்னு வெளிச்சத்தைக் கைமாத்திவிடும். உப்புத் தண்ணியிலதான் ஒட்டி நிக்கும். வெறும் தண்ணியில பிரிஞ்சிடுச்சு. வாங்கிக்க ஆளில்லாம வெளிச்சம் வெளியே சிந்துது.”

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

புதுச் சாறு தயாரானதும் உப்புத் தண்ணீர் பாட்டிலை என்னிடமே நீட்டினார்.

“நீங்களே ஊத்துங்கண்ணா.”

“வேணாம் மேடம், கை நடுங்குது.”

“நடுங்கட்டும். கலக்கற வேலை மிச்சம்.”

ஊற்றினேன். நீல விளக்கில் குழாய் ஜொலிக்கவில்லை. மங்கலான சிவப்பு மட்டும் தெரிந்தது. மேடம் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்.

கெடுத்தவன் கையிலேயே ஏன் கொடுத்தார் என்று பொம்மனஹள்ளி பஸ்ஸில் இன்றும் யோசிக்கிறேன். அன்று கேட்கக் கூச்சமாக இருந்தது.