முழிப்பில்லாதவருக்கு நித்திரைக் குளிசை

மொழிபெயர்ப்பாளன் வேலையில் வாய் இரண்டு மடங்கு வேலை செய்யும். சொந்தக் கருத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை. ஒஸ்லோ ஆஸ்பத்திரிகளில் நோர்வே டொக்டர்மாருக்கும் எங்கள் ஈழத்து ஆட்களுக்கும் நடுவே கதிரை போட்டு இருந்தவன் நான். யாருக்காவது நடுவே இருந்து பேசப்போய் இரண்டு பக்கமும் முறைப்பு வாங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களை நினைத்தால் யோகா அக்காவின் முகம்தான் முதலில் வரும்.

எந்த ஊர்?

யோகா அக்காவின் கணவர் சிவநேசன், ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் வீட்டு வாசலிலேயே உறைபனியில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டவர். சத்திரசிகிச்சை முடிந்து வாரக்கணக்காகிவிட்டது. கண் திறந்திருக்கும்; எதையும் பார்க்காது. தன்னையோ பக்கத்தில் இருப்பவர்களையோ அவர் அறிவதற்கு இதுவரை அடையாளமில்லை என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். இளம் பெண் அவர். நானும் அதே மெதுவோடு தமிழில் சொன்னேன்.

யோகா அக்கா கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "தம்பி எந்த ஊர்?" என்றார். அறைக்குள் பேசப்படும் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவேண்டும் என்பது எங்கள் விதி. அந்தக் கேள்வியையும் டொக்டரிடம் சொன்னேன். அவர் மரியாதையாக என் பதிலுக்குக் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக் கொக்குவில் என்று அக்காவுக்குச் சொல்லி, அதையும் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். "ஆற்றை மகன்?" என்று அப்பாவின் பெயரைக் கேட்ட அடுத்த கேள்வியையும் சொன்னபோது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் உங்களோடை கதைக்கிறதை ஏன் தம்பி அந்தப் பிள்ளைக்குச் சொல்லுறியள்?"

ஒரு குளிசை

இப்படிக் கிடப்பவர்களில் மிகச் சிலர், ஒரு நித்திரைக் குளிசை, சாதாரணத் தூக்க மாத்திரை, கொடுத்ததும் சிறிது நேரம் விழிப்படைந்திருக்கிறார்களாம். ஏன் என்று சரியாகத் தெரியாது, ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாமா என்று டொக்டர் கேட்டார். யோகா அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "முழிப்பில்லாமல் கிடக்கிறவருக்கு நித்திரைக் குளிசையோ? வடிவாக் கேட்டனியளோ?" நான் திரும்பக் கேட்டேன். தானும் முதலில் நம்பவில்லை என்றார் டொக்டர்.

குழாய் வழியாகக் கொடுத்தார்கள். மூவரும் கட்டிலைச் சுற்றி மூச்சு விடாமல் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் சிவநேசன் கண்ணை மூடிக் குறட்டை விடத் தொடங்கினார். டொக்டரின் முகம் வாடிவிட்டது. அக்காதான் அவரைத் தேற்றினார்.

"குளிசையிலை பிழை சொல்லாதேங்கோ. அது தன்ரை வேலையைச் செய்யுது."

கூப்பிடுகிற பெயர்

அடுத்தது பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற ஒரு மருந்து. சில வாரம் பார்ப்பார்கள். மாற்றம் வந்தால், பேச நடக்கத் திரும்பப் பழக்கும் பயிற்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வராவிட்டால் மருந்தை நிறுத்தி, பராமரிப்பு இல்லத்துக்கு. அங்கே போனால் பயிற்சி கிடையாது. இதை மொழிபெயர்த்தபோது யோகா அக்கா ஊர் ஒன்றும் கேட்கவில்லை.

தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பவில்லை. பழகிய குரல் நல்லது, மனைவி கூப்பிடட்டும் என்றார் டொக்டர். அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அவர் வயதுப் பெண்கள் கணவரின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள் என்று, அக்காவின் அனுமதியோடு நான் விளக்கினேன். அப்படியானால் இத்தனை வருடமும் எப்படிக் கூப்பிட்டார் என்று டொக்டர் கேட்டார். "இஞ்சாருங்கோ எண்டுதான்," என்றார் அக்கா, சுவரைப் பார்த்து. 'இங்கே பாருங்கள்' என்று மொழிபெயர்த்தேன். டொக்டர் சிரிக்கவில்லை.

"அப்படியென்றால் அவருடைய பெயர் அதுதான். அதையே சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்."

ஒரு மத்தியானம்

பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், ஜன்னல் பக்கம் நின்று அக்கா "இஞ்சாருங்கோ" என்றதும் சிவநேசனின் கண்கள் அந்தப் பக்கம் போயின. டொக்டர் அவசரப்படவில்லை. தற்செயலாக இருக்கலாம் என்று அக்காவைக் கதவுப் பக்கம் நிறுத்தித் திரும்பக் கூப்பிடச் சொன்னார். கண்கள் கதவுக்குப் போயின. குரல் எதுவானாலும் திரும்புவாரா என்று பார்க்க, தாடி வைத்த ஆண் தாதியிடம் அதே சொல்லைச் சொல்லச் சொன்னார். அவர் மிகுந்த பக்தியோடு "இன்யாருங்கோ" என்றார். கண் அசையவில்லை. யோகா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்தபடியே அழுதார்.

"அவர் என்ரை மனிசன். கண்டவை கூப்பிட்டாத் திரும்புவாரோ?"

நிறுத்திப் பார்ப்போமா?

பயிற்சி ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. போகுமுன் டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: இது மருந்தால் வந்ததோ, காலம் போகத் தானாக வந்ததோ தெரியாது, கொஞ்ச நாள் மருந்தை நிறுத்தினால் ஓரளவு தெரியும். எனக்கு அந்த விடை வேண்டும்போல் இருந்தது. யாருக்காக? படுத்திருப்பவர் என் மனிசன் அல்லவே. யோகா அக்கா யோசிக்கவேயில்லை: "தெரிஞ்சு என்ன செய்யிறது? நிப்பாட்டாதேங்கோ." டொக்டர் நிறுத்தவில்லை.

இரண்டொரு வருடம் கழித்து ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் மீன் பகுதிக்கு முன்னால் அவர்களைக் கண்டேன். சக்கர நாற்காலியில் இருந்தபடி சிவநேசன், மீன் பழசு என்று ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து அக்காவோடு வாதாடிக்கொண்டிருந்தார். கடை முழுக்கக் கேட்டது. அக்கா என் பக்கம் சாய்ந்தார்.

"அப்ப ஒரு சொல்லுச் சொன்னாப் போதும் எண்டு கோயிலுக்கு நேத்தி வைச்சனான் தம்பி, இப்ப என்னத்தை வைச்சு நிப்பாட்டுறது?"

காலமெல்லாம் மற்றவர்களின் பேச்சையே சுமந்து திரிந்த எனக்கு, சிவநேசனை எழுப்பியது மருந்தோ, காலமோ, அந்த 'இஞ்சாருங்கோ'வோ என்று கேட்டால் மட்டும் இன்றைக்கும் இரண்டு மொழியிலும் சொல் வராது.